பைன் காட்டில் மறைந்த உலைக்களங்கள்: நியூ ஜெர்சிப் பைன் நிலத்தின் தொழில் வரலாறும் மறதியும்

முன்னுரை

காடு என்றதும் மனிதக் கைபடாத இயற்கை என எண்ணுவதும், ஆலை என்றதும் நகரத்தை நினைப்பதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டன. இவ்விரண்டு எண்ணங்களையும் ஒருசேர மறு ஆய்வுக்கு உட்படுத்தும் நிலப்பகுதி ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குக் கரையில் உள்ளது. நியூ யார்க், பிலடெல்பியா ஆகிய பெருநகரங்களிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் அடையக்கூடிய தொலைவில், நியூ ஜெர்சி மாநிலத்தின் தென்பகுதியில் பரந்து கிடக்கும் பைன் காடே அது. இன்று அதனூடே செல்வோர் காண்பவை மணற்பாதைகளும், ஊசியிலை மரங்களும், கருந்தேநீர் நிறத்து ஓடைகளுமே ஆகும். ஆனால் ஏறத்தாழ நூறு ஆண்டுக்காலம் அக்காட்டினுள் இரவும் பகலும் இரும்புலைகள் எரிந்தன. கண்ணாடியும் காகிதமும் செய்யப்பட்டன. நூற்றுக்கணக்கானோர் வாழ்ந்த ஆலைச் சிற்றூர்கள் இருந்தன.

ஐரோப்பியக் குடியேறிகள் இந்நிலத்துக்குப் பைன் பேரன்ஸ் என்று பெயரிட்டனர். பேரன்ஸ் என்னும் சொல் விளைச்சல் தராத தரிசைக் குறிக்கும். நிலத்துக்கு இடப்பட்ட அப்பெயர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நிலத்து மக்கள் மீதும் ஏற்றப்பட்டது. அங்கு நடந்த தொழில்களை மறந்த மறதியே அதற்கு இடமளித்தது என்பது இக்கட்டுரையின் துணிபு ஆகும். இதனை நிலவியல்பு, தொழில் எழுச்சி, வீழ்ச்சி, பழி, காப்பு என்னும் வரிசையில் நோக்குவோம்.

நிலமும் நீரும்

நிலத்தையும் அதன் தொழிலையும் மாந்தரையும் பிரிக்காது ஒருங்கே காணும் திணை மரபில் பயின்ற நமக்கு, ஆய்வை நிலத்திலிருந்து தொடங்குவது பொருத்தமாகவே தோன்றும். பைன் நிலத்தின் மண் மணற்பாங்கானது, அமிலத்தன்மை மிக்கது, சத்துக் குறைந்தது. கோதுமை முதலிய தானியங்களைப் பயிரிட வந்த குடியேறிகள் இம்மண்ணில் பயன் காணவில்லை. அவர்களது உழவு நோக்கில் இது தரிசாயிற்று.

ஆயினும் இம்மணலுக்கு அடியில் நீர் நிறைந்துள்ளது. கிர்க்வுட்–கொஹான்சி எனப்படும் நிலத்தடி நீர்ப்படுகையில் ஏறத்தாழ 17 டிரில்லியன் கேலன் நீர் தேங்கியிருப்பதாகக் கணக்கிடுவர். மழைநீர் மணலினூடே எளிதில் இறங்கி, ஓடைகளாகவும் சதுப்புகளாகவும் மீண்டும் வெளிப்படுகின்றது. வெண் சிடார் மரங்கள் அடர்ந்த அச்சதுப்புகளில் ஊறிவரும் நீர், தாவரச் சாற்றாலும் இரும்பின் கலப்பாலும் செம்பழுப்பு நிறம் பெறுகின்றது. பூச்சியுண்ணும் தாவரங்களும் அரிய ஆர்க்கிட் வகைகளும் இங்குச் செழித்து வளர்கின்றன. எனவே இந்நிலம் உயிர் வளம் அற்றதன்று. உழவனின் தேவைக்கு இணங்காததே ஆகும்.

இக்காட்டின் தலைமரம் பிட்ச் பைன் ஆகும். காட்டுத்தீ பிற மரங்களை அழிக்கும்போது இம்மரம் தடித்த பட்டையினால் தாங்கி நிற்கும். கிளைகள் கருகினாலும் அடிமரத்திலிருந்தே புதுத்தளிர் விடும். சில பகுதிகளிலுள்ள மரங்களின் கூம்புகள் தீயின் வெப்பம் பட்ட பின்னரே திறந்து விதைகளை உதிர்க்கின்றன. தீ அறவே நின்றுவிட்டால், காலப்போக்கில் ஓக் மரங்கள் பைனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 1963ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மூண்ட தீ நியூ ஜெர்சியில் 180,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை எரித்தது. அதன் பின்னரும் பைன் காடு மீண்டும் தளிர்த்தது.

குடியேறிகள் வருமுன் இது லெனாபே மக்களின் நிலமாக இருந்தது என்பதையும் இங்குக் குறிப்பிடுதல் வேண்டும். 1758ஆம் ஆண்டில் காலனி அரசு பைன் நிலத்தின் ஓரத்தில் பிரதர்ட்டன் என்னும் ஒதுக்கிடத்தை அவர்களுக்கென அமைத்தது. 1802ஆம் ஆண்டில் அங்கு எஞ்சியிருந்தோர் நியூ யார்க் மாநிலத்துக்குப் பெயர்ந்தனர். ஒதுக்கிட நிலம் விற்கப்பட்டது. பைன் நிலத்தின் மறதி வரலாற்றில் இதனை முதல் இயல் எனலாம்.

சதுப்பில் விளைந்த இரும்பு

உழவுக்கு உதவாத மண்ணே இரும்புக்கு உதவியது. அமிலத்தன்மை வாய்ந்த நீர் மணலினூடே செல்கையில் அதிலுள்ள இரும்பைக் கரைத்துக்கொள்கின்றது. அந்நீர் ஓடைக் கரையிலும் சதுப்பிலும் வெளிப்பட்டுக் காற்றுடன் கலக்கும்போது, நுண்ணுயிர்களின் துணையோடு இரும்பு துருவாகப் படிகின்றது. படிவு நாளடைவில் இறுகிச் செம்பழுப்புப் பாறையாகின்றது. இதனைச் சதுப்பு இரும்பு என்பர். தோண்டி எடுத்த இடத்திலேயே சில பத்தாண்டுகளில் மீண்டும் படியும் தன்மை இதற்கு உண்டு. ஆழச் சுரங்கம் வேண்டியதில்லை. மண்வெட்டியும் படகும் போதுமானவையாக இருந்தன.

இரும்பை உருக்கத் தேவையான பிற பொருள்களும் அருகிலேயே கிடைத்தன. பைன் மரங்களிலிருந்து கரி கிடைத்தது. கசடு பிரிக்கச் சுண்ணாம்புக் கல்லுக்கு மாற்றாகக் கடற்கரையின் கிளிஞ்சல்களும் சிப்பி ஓடுகளும் பயன்பட்டன. ஓடைகளை அணையிட்டுத் தேக்கிய நீர், துருத்திகளை இயக்கும் சக்கரங்களைச் சுழற்றியது. வார்த்த பொருள்கள் ஆறுகள் வழியே கடலுக்குச் சென்று துறைமுக நகரங்களை அடைந்தன. தாது, எரிபொருள், நீராற்றல், போக்குவரத்து ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த இடத்தைத் தரிசு என்று அழைத்தது எத்துணைப் பொருந்தாமை என்பது இதனால் விளங்கும்.

சார்லஸ் ரீட் என்பார் 1766ஆம் ஆண்டில் பாட்ஸ்டோ ஆற்றங்கரையில் இரும்பாலை ஒன்றை நிறுவினார். 1773ஆம் ஆண்டில் அது ஜான் காக்ஸ் என்பாரின் கைக்கு மாறியது. அடுத்து மூண்ட அமெரிக்க விடுதலைப் போரில் பாட்ஸ்டோ ஆலை பீரங்கிகளையும் குண்டுகளையும், உப்புக் காய்ச்சும் பெருங்கலன்களையும் விடுதலைப் படையினருக்காக வார்த்தது. அதன் தொழிலாளர்களுக்குப் படைச் சேவையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. 1778ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பிரிட்டிஷ் படை ஆற்றின் முகத்துவாரத்திலிருந்த செஸ்ட்நட் நெக் என்னும் ஊரைத் தாக்கி எரித்தது. அங்கிருந்து மேலேறிப் பாட்ஸ்டோ ஆலையை அழிப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று, அது நிறைவேறவில்லை. பேரரசு ஒன்று அழிக்கத் திட்டமிடும் அளவுக்கு அக்காட்டு ஆலை சிறப்புற்றிருந்தது. 1784 முதல் வில்லியம் ரிச்சர்ட்ஸும் அவர்தம் வழியினரும் 92 ஆண்டுகள் பாட்ஸ்டோவை நடத்தினர்.

உலைக்கு அருகே வாழ்ந்தோர்

ஆலையின் வரலாறு உரிமையாளரின் வரலாற்றோடு முடிவதில்லை. உலை ஒன்று எரியத் தாது தோண்டுவோர், மரம் வெட்டுவோர், கரி சுடுவோர், வண்டியோட்டிகள், வார்ப்பவர், தச்சர், கொல்லர் எனப் பலரும் தேவைப்பட்டனர். இவர்களுள் கரி சுடுவோரின் உழைப்பு தனித்துக் குறிப்பிடத்தக்கது. வெட்டிய கட்டைகளைக் கூம்பாக அடுக்கி, புல்கரணையாலும் மணலாலும் மூடி, உள்ளே நெருப்பிட்டுப் பல நாள்கள் புகையவிடுவர். மூட்டத்தில் காற்றுப் புகுந்து தழல் எழுந்தால் கட்டை முழுவதும் சாம்பலாகிவிடும். ஆதலால் கரி சுடுவோர் மூட்டத்தின் அருகிலேயே குடிசையிட்டு இரவும் பகலும் காவலிருந்தனர். உலை ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,000 ஏக்கர் காடு தேவைப்பட்டது எனக் கணக்கிடுவர். இதனால் பைன் காட்டின் பெரும்பகுதி ஒருமுறைக்கு மேற்பட்டு வெட்டப்பட்டு மீண்டும் வளர்ந்ததாகும். தொடர்ந்த வெட்டும் தீயும் பைன் மரத்துக்கே சாதகமாயின. இன்று நாம் இயற்கை எனக் காணும் காட்டின் தோற்றத்தில் தொழிலாளரின் கோடரிக்கும் பங்குண்டு.

இவர்களின் அன்றாட வாழ்வை அறியத் துணைபுரியும் அரிய ஆவணம் ஒன்று உள்ளது. ஐசக் பாட்ஸ் என்பார் 1793ஆம் ஆண்டில் நிறுவித் தம் மனைவியின் பெயரைச் சூட்டிய மார்த்தா உலையில், 1808 முதல் 1815 வரை எழுதப்பட்ட நாட்குறிப்பே அது. ஆலை எழுத்தர் ஒவ்வொரு நாளும் ஓரிரு வரிகளில் வானிலை, உலையின் நிலை, வந்துசென்ற வண்டிகள், வேலைக்கு வராதோர், குடித்துக் கிடந்தோர், பிறப்பு, இறப்பு ஆகியவற்றைப் பதிந்துள்ளார். வரலாற்றில் பெயரே இடம்பெறாத எளியோர் இக்குறிப்பில் பெயரோடு வாழ்கின்றனர். எழுத்தர் ஆலையின் பக்கம் நின்று எழுதியவர். குடியையும் வேலை நிறுத்தத்தையும் குறையாகவே பதிந்தவர். அவரது நோக்கை நீக்கிப் படித்தால், ஒழுங்கான வேலையும் கடுமையான உழைப்பும் அண்டை அயலாரும் திருமணங்களும் கொண்ட ஒரு முழுச் சமுதாயம் நம் கண்முன் தோன்றுகின்றது.

உலையின் வீழ்ச்சி

பைன் நிலத்து இரும்பை அழித்தது போரன்று, நிலக்கரியே. பென்சில்வேனியாவில் அனல்மிகு நிலக்கரியான ஆந்திரசைட்டைக் கொண்டு இரும்பு உருக்கும் முறை 1840ஆம் ஆண்டில் வணிக அளவில் வெற்றி கண்டது. அங்குச் சுரங்கத் தாதுவும் நிலக்கரியும் மிகுதியாகக் கிடைத்தன. கால்வாய்களும் இருப்புப்பாதைகளும் அவற்றை ஒன்று சேர்த்தன. மரக்கரியையும் சதுப்புத் தாதுவையும் நம்பிய உலைகளால் அவ்விலையோடு போட்டியிட இயலவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பைன் நிலத்து உலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன.

ஆலையுரிமையாளர் மாற்று வழிகளைத் தேடினர். பாட்ஸ்டோவில் 1846ஆம் ஆண்டு சன்னல் கண்ணாடி செய்யத் தொடங்கினர்; 1867ஆம் ஆண்டில் அதுவும் நின்றது. 1874ஆம் ஆண்டின் தீ சிற்றூரின் பாதியை அழித்தது. ஹாரிஸ்வில் என்னும் ஊரில் காகித ஆலை எழுந்தது. கடலோரச் சதுப்புகளின் உப்புப் புல்லையும் கந்தலையும் பழங்கயிற்றையும் கூழாக்கித் தடித்த பழுப்புக் காகிதம் செய்தனர். அவ்வூர்த் தெருவில் எரிவாயு விளக்குகள் எரிந்தன. காட்டின் நடுவே தெருவிளக்கு எரிந்த ஊர், 1890களில் தொழில் நொடித்து, 1914ஆம் ஆண்டுத் தீயில் வெறுஞ்சுவர்களாயிற்று.

பாட்ஸ்டோவைப் பிலடெல்பியாவின் தொழிலதிபர் ஜோசப் வார்ட்டன் 1876ஆம் ஆண்டில் 14,000 டாலருக்கு ஏலத்தில் வாங்கினார். சுற்றுப்புற நிலங்களையும் தொடர்ந்து வாங்கிச் சேர்த்தார். பைன் நிலத்து நீரைப் பிலடெல்பியாவுக்குக் கொண்டுசெல்வது அவரது திட்டம். நியூ ஜெர்சிச் சட்டமன்றம் மாநில நீரை வெளியே கொண்டுசெல்வதைத் தடுத்ததால் அத்திட்டம் கைகூடவில்லை. வார்ட்டன் 1909ஆம் ஆண்டில் மறைந்தார். இவ்வாறு, முதலில் தாதுவும் மரமும், பின்னர் நீரும் வெளியாரின் கணக்கில் இடம்பெற்றன. ஆலைகள் மூடியபின் அங்கேயே தங்கியவர்களின் கணக்கை எழுத எவரும் இல்லை.

மக்கள்மீது விழுந்த பழி

உலைகள் அணைந்தபின் பலர் வெளியேறினர். எஞ்சியோர் காட்டையே நம்பி வாழ்ந்தனர். பருவத்துக்கேற்பப் பாசி சேகரித்தல், காட்டுப் பழம் பறித்தல், கரி சுடுதல், சிடார் மரம் அறுத்தல், கிரான்பெர்ரித் தோட்டங்களில் கூலி வேலை எனப் பல தொழில்களை மாறிமாறிச் செய்தனர். வெளியார் இவர்களைப் பைனி என்று இழிவாக அழைத்தனர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரபுமேம்பாட்டியல் என்னும் கொள்கை அமெரிக்காவில் செல்வாக்குப் பெற்றிருந்தது. வறுமையும் குற்றமும் இரத்தத்தில் வருவன என அது கற்பித்தது. நியூ ஜெர்சியின் வைன்லாந்துப் பயிற்சிப் பள்ளியில் பணியாற்றிய உளவியலார் ஹென்றி கொடார்ட் 1912ஆம் ஆண்டில் காலிகாக் குடும்பம் பற்றிய நூலை வெளியிட்டார். அவரது களப்பணியாளர் எலிசபெத் கைட் 1913ஆம் ஆண்டில் பைன் நிலத்து மக்களைப் பற்றி எழுதினார். அதே ஆண்டில் மாநில ஆளுநர் ஜேம்ஸ் பீல்டர் அப்பகுதியைச் சுற்றிப் பார்த்து, இம்மக்களைப் பிறரிடமிருந்து பிரித்து வைக்கவேண்டும் என்ற கருத்தை வெளியிட்டார். கொடார்டின் நூல் பேசும் குடும்பம் பைன் நிலத்தைச் சேர்ந்ததன்று. எனினும் செய்தித்தாள் படிப்போரின் மனத்தில் இரண்டும் ஒன்றாயின.

இங்கு நடந்த பிழையை வரலாற்று நோக்கில் பகுத்துக் காண்போம். அக்குடிசைகளைக் கண்ட ஆய்வாளர், அவற்றுக்கு அருகே புதர் மூடிக் கிடந்த உலையைக் கணக்கில் கொள்ளவில்லை. தொழில் போனதால் வந்த வறுமை, பிறப்பால் வந்த குறையாக அவருக்குத் தோன்றியது. காரணம் மறைந்த இடத்தில் பழி வந்து அமர்ந்தது. பிற்காலத்தில் கொடார்ட் தம் கருத்துகளுள் சிலவற்றைக் கைவிட்டார். கைட்டும், செய்தித்தாள்களால் இம்மக்களைப் பற்றிப் பரவிய தவறான எண்ணத்தைத் திருத்தவே தாம் விரும்புவதாகத் தெரிவித்தார். காலிகாக் நூலின் குலவரலாறு பிழைபட்டது என்பதும் பின்வந்த ஆய்வாளர்களால் நிறுவப்பட்டது. ஆயினும் பைனி என்ற சொல்லின் இழிவு நெடுங்காலம் நீங்கவில்லை. பின்வந்த தலைமுறையினருள் பலர் அச்சொல்லைப் பெருமையோடு தமதாக்கிக்கொண்டனர்.

அந்தப் பழி எழுந்த அதே ஆண்டுகளில் அப்பழியை மறுக்கும் சான்று ஒன்றும் அதே நிலத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. ஒயிட்ஸ்பாக் என்னும் கிரான்பெர்ரித் தோட்டத்தைச் சேர்ந்த எலிசபெத் வைட், 1911ஆம் ஆண்டு முதல் அமெரிக்க அரசின் வேளாண் துறைத் தாவரவியலார் ஒருவருடன் இணைந்து புளூபெர்ரியைப் பயிராக்க முயன்றார். காட்டில் எந்தப் புதரில் பெரிய பழம் காய்க்கும் என்பதை அறிந்திருந்தவர்கள் பைன் நிலத்து மக்களே. வைட் அவர்களிடம் பழத்தின் பருமனை அளக்கும் துளையிட்ட தகடுகளைக் கொடுத்து, சிறந்த புதர்களைக் காட்டுவோருக்குப் பணம் அளித்தார். கண்டெடுத்தவரின் பெயரையே புதருக்கும் இட்டார். ரூப் லீக் என்பார் காட்டிய புதர் ரூபல் என்னும் வகையாயிற்று. பயிரிட்ட புளூபெர்ரி 1916ஆம் ஆண்டில் முதன்முறையாகச் சந்தைக்கு வந்தது. அறிவுக் குறைவுடையோர் எனப் பட்டியலிடப்பட்ட மக்களின் காட்டறிவு, அன்று புதியதொரு வேளாண் தொழிலுக்கு வித்தாயிற்று. தரிசு எனப்பட்ட அமில மண்ணே புளூபெர்ரிக்கு உகந்த மண் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

காப்பு நிலமாதல்

வார்ட்டன் விட்டுச்சென்ற நிலத்தை ஒரு மில்லியன் டாலருக்கு வாங்கும் திட்டம் 1915ஆம் ஆண்டில் மக்கள் வாக்கெடுப்பில் தோல்வியுற்றது. பின்னர் 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மாநில அரசு அதனை வாங்கியது. இன்று அது வார்ட்டன் மாநிலக் காடு எனப்படுகின்றது. 1960களில் பைன் நிலத்தில் மிகப்பெரும் விமான நிலையமும் புதுநகரமும் அமைக்கும் திட்டம் எழுந்தது. அச்சூழலில் ஜான் மெக்ஃபீ எழுதிய பைன் பேரன்ஸ் என்னும் நூல் 1968ஆம் ஆண்டில் வெளிவந்து, காட்டையும் அதன் மாந்தரையும் மதிப்போடு அறிமுகப்படுத்தியது. 1978ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் ஏறத்தாழ 1.1 மில்லியன் ஏக்கர் நிலத்தை நாட்டின் முதல் தேசியக் காப்பு நிலமாக அறிவித்தது. 1979ஆம் ஆண்டில் ஆளுநர் பிரெண்டன் பர்ன் காலத்தில் மாநிலச் சட்டமும் இயற்றப்பட்டது. மாநிலப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நிலம் இவ்வாறு கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

காப்பு என்பது எதனைக் காப்பது என்னும் வினாவை நாம் எழுப்புதல் வேண்டும். பாட்ஸ்டோவில் மாளிகை, மாவாலை, மர அறுவை ஆலை, கடை, தொழிலாளர் வீடுகள் ஆகியவை புதுப்பிக்கப்பட்டுக் காட்சிக்கு உள்ளன. அங்குக் கடைசியாகக் குடியிருந்தோர் 1989ஆம் ஆண்டில் வெளியேறினர். மார்த்தா உலை 1960களின் பிற்பகுதியில் அகழப்பட்டு, பின் பாதுகாப்புக் கருதி மண்ணிட்டு மூடப்பட்டது. இன்று அது வேலியிட்ட ஒரு மேடு. ஹாரிஸ்வில்லில் சில சுவர்கள் நிற்கின்றன. மாளிகை நிலைத்தது, கரி சுட்டோரின் குடிசைக்கு அடையாளமே இல்லை. அவர்களது நினைவாக எஞ்சியவை மணலில் காணும் கருவட்டங்களும், உலையருகே சிதறிக் கிடக்கும் கண்ணாடி போன்ற கசடுகளும், அவர்கள் தேக்கிய குளங்களுமே ஆகும்.

முடிவுரை

பைன் நிலத்தின் வரலாறு நமக்கு உணர்த்துவன இரண்டு. முதலாவது, காடு மீண்டும் வளர்ந்து மூடிய இடத்தில் வரலாறு இல்லை என்று கருதலாகாது. இயற்கைக் காப்பு நிலம் என வரைபடத்தில் பச்சை நிறம் தீட்டப்பட்ட பகுதி, ஒரு காலத்தின் தொழில் மையமாக இருந்திருக்கக்கூடும். இரண்டாவது, ஆலை மூடியபின் அதன் தொழிலாளர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதையும் ஆலை வரலாற்றின் பகுதியாகவே எழுதுதல் வேண்டும். அப்பகுதி எழுதப்படாதபோது, அவர்தம் வறுமைக்கு அவர்களே காரணம் என்ற கூற்று எளிதில் இடம்பிடிக்கின்றது. அக்கூற்று ஆய்வின் பெயரால் வரும்போது ஆளுநரும் அதனை நம்புகிறார்.

வகுப்பறையில் தொழில் வரலாறு கற்பிப்போர் பெரும்பாலும் ஆலை தொடங்கிய ஆண்டையும் மூடிய ஆண்டையும் கூறி நிறுத்துகின்றனர். மூடிய ஆண்டுக்குப் பிந்திய பக்கத்தையும் மாணவருக்குத் திறந்து காட்டுதல் நம் கடமையாகும். மார்த்தா உலையின் எழுத்தர் தம் மேசையில் அமர்ந்து எழுதிய ஓரிரு வரிகள் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் எளியோர் சிலரைப் பெயரோடு மீட்டுத் தந்துள்ளன. அத்தகைய கணக்கேடுகளையும் குறிப்புகளையும் தேடிப் பேணுவோர் உள்ளவரை, மணல் மூடிய உலைகளும் பேசும்.